கூட்டுப்பொருள்களில் மோதல் சேதம்: கணினி மாதிரியாக்கம்

கார்பன் இழைகளைப் பிசினில் தோய்த்து அடுக்கிய கூட்டுப்பொருள் தகட்டின்மேல் ஸ்பேனர் ஒன்று தவறி விழுந்தால், வெளியே கீறல்கூடத் தெரியாமல் போகலாம். உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். அதன்பின் தகடு அமுக்கச் சுமையைத் தாங்கும் வலிமை குறைந்துவிடும். இந்த ஒளிந்த சேதத்தைக் கணினியில் முன்கூட்டிக் கணிப்பதே மாதிரியாக்கம்.

தகட்டைச் சிறு கூறுகளாகப் பிரித்து, இழை முறிவையும் பிசின் வெடிப்பையும் ஹாஷின் என்ற ஆய்வாளர் 1980இல் வகுத்த அளவுகோல்களால் சோதிப்பார்கள். அடுக்குகள் பிரிவதைக் கணிக்க அவற்றுக்கு நடுவே ஒட்டுக் கூறுகளை வைப்பார்கள். சிக்கல் இங்கேதான்: கூறு பெரிதானால் விடை பிசகும், சிறிதானால் கணிப்பு நாள்கணக்கில் இழுக்கும்.

இத்தகைய கணிப்பு விமானங்களுக்குத் தேவை: 2001 ஜனவரி 4இல் பெங்களூரில் முதன்முதலாகப் பறந்த தேஜஸ் போர் விமானத்தின் உடற்சட்ட எடையில் ஏறத்தாழ 45 விழுக்காடு கூட்டுப்பொருள். ஆனாலும் விமானத்துறையில், தகட்டின்மேல் எடையை வீழ்த்திப் பார்க்கும் சோதனையோடு ஒப்பிடாமல் கணினியின் விடையை மட்டும் நம்புவதில்லை.