கேஸ் பர்னரின் கதை

தஞ்சைப் பக்கத்துக் கிராமங்களில் வெகுகாலம் விறகு, வறட்டி, உமிதான் அடுப்பெரித்தன. சாம்பலை அள்ள வேண்டியிருந்தது. இண்டேன் சிலிண்டர் 1965-ல் கல்கத்தாவில் அறிமுகமானாலும், இங்கே பல ஏழை வீடுகளுக்கு கேஸ் அடுப்பு வந்தது 2006-ல் அமைந்த தி.மு.க. அரசின் இலவசத் திட்டத்தில்தான்.

அடுப்பு புதுசு, தத்துவம் பழசு. 1855 வாக்கில் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் ராபர்ட் பன்சன், எரியும் முன்பே வாயுவில் காற்றைக் கலந்து புகையில்லாத நீலச்சுடரை உண்டாக்கினார். நம் வீட்டு பர்னரும் அப்படித்தான் எரிகிறது. கஞ்சி வழிந்து ஓட்டை அடைத்தாலும், உள்ளே ஈரம் தங்கினாலும் இந்தக் கலவை கெடும். சுடர் மஞ்சளாகும், பாத்திரத்தில் கரி பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடும் வரும்; அது உயிருக்கே ஆபத்து.

2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைத் தாக்கியபோது கூரை போன வீடுகளில் அடுப்பும் நனைந்தது. அப்படி நனைந்த அடுப்பை அவசரப்பட்டுப் பற்றவைக்கக் கூடாது. சிலிண்டரை மூடிவிட்டு, பர்னரைக் கழற்றி, சோப்பு கலந்த வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்து, ஓட்டைகளை ஊசியால் குத்தி, கவிழ்த்து வெயிலில் நன்றாகக் காயவைக்க வேண்டும். டியூப், ரெகுலேட்டரை மெக்கானிக்கிடம் காட்டிய பிறகே மாட்டலாம்.

உங்கள் வீட்டு பர்னர் என்ன நிறத்தில் எரிகிறது? இன்றைக்கே பாருங்கள் நண்பர்களே.