மூன்று கோணல் தட்டுகள்

லேத்தைச் செய்ய இன்னொரு லேத் வேண்டும். அப்படியானால் முதல் லேத்தைச் செய்தது எது? பழைய எந்திரங்களை வாங்கிப் பிரித்துச் சீர்செய்வதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்களிடம் இதை விளையாட்டாகக் கேட்பார்கள். கோழியா முட்டையா மாதிரி. ஆனால் இந்தக் கேள்விக்கு நிஜமாகவே ஒரு விடை உண்டு.

முதலில் சிக்கல் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம். லேத்தின் வெட்டுளி ஒரு சாடிலில் உட்கார்ந்து, பெட் என்று சொல்லும் இரும்புத் தண்டவாளத்தின்மேல் நகர்கிறது. பெட் எவ்வளவு நேரோ, அதில் கடையும் தண்டும் அவ்வளவுதான் நேர். தளங்களைச் சீவும் பிளேனிங் மெஷினும் (ரிச்சர்ட் ராபர்ட்ஸ் 1817இல் செய்தது இன்றும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது) அப்படித்தான். தன்னிடம் இருக்கும் கோணலையே அது அடுத்த இரும்புக்கும் கொடுக்கும். எந்திரம் தன்னைவிட நேரான பிள்ளையைத் தானாகப் பெறாது.

தொழிற்புரட்சி வரலாறுகள் இந்த இடத்தில் ஹென்றி மாட்ஸ்லே பெயரைச் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விடும். பூட்டுச் செய்யும் ஜோசப் பிராமாவிடம் வேலை பார்த்தவர். வாரம் 30 ஷில்லிங் கூலியைக் கூட்டிக் கேட்டு, கிடைக்காமல், 1797இல் வெளியே வந்து தனிப்பட்டறை போட்டார். திருகு வெட்டும் லேத் அவருடைய புகழ்பெற்ற படைப்பு. அதிலிருந்த உளிதாங்கி, வழித்திருகு, மாற்றுப் பல்சக்கரங்கள் எல்லாமே தனித்தனியாக அவருக்கு முன்பே இருந்தவைதான். அவற்றை முழு உலோகத்தில், நம்பகமாக ஒன்று சேர்த்தார் என்பதே சரி. எனக்கு அந்த லேத்தைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. அவருடைய பட்டறையில் தொழிலாளிகளின் மேசைமேல் சமதளத் தட்டுகள் வைக்கப்பட்டிருந்தன. செய்த பாகத்தை அதன்மேல் வைத்துப் பார்த்து, மேடு தெரிந்தால் அவர்களே எடுத்துவிட வேண்டும். அங்கே வேலை செய்த ஜேம்ஸ் நாஸ்மித் பிற்காலத்தில் இதை எழுதிவைத்திருக்கிறார்.

அந்தத் தட்டு சமதளம் என்று எப்படித் தெரியும்? ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல தட்டு உலகத்திலேயே இல்லாதபோது?

மூன்று தட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றும் கோணல். முதல் தட்டில் நீலச்சாயத்தை மெல்லிசாகத் தடவி இரண்டாவதை அதன்மேல் தேய்த்தால், மேடான இடங்களில் மட்டும் நீலம் ஒட்டும். அவற்றைச் சுரண்டி எடுத்து, திரும்பவும் தேய்த்து, திரும்பவும் சுரண்டினால் இரண்டும் கச்சிதமாகப் பொருந்திவிடும். ஆனால் ஒன்று புடைத்தும் மற்றது குழிந்தும் இருந்தால்கூடப் பொருந்தத்தான் செய்யும். குழம்புக் கரண்டிகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்குவதுபோல. அதனால் மூன்றாவதையும் முதல் தட்டுக்கே பொருத்த வேண்டும். முதலாவது புடைத்தது என்றால் இப்போது மற்ற இரண்டும் குழி. அந்த இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்தால் பொய் வெளியே வந்துவிடும், ஓரத்தில் மட்டும் நீலம் விழும். பிழையை இரண்டுக்கும் பாதிபாதியாகப் பங்கிட்டுச் சுரண்டி, மறுபடி முதலிலிருந்து. மூன்றும் எந்த ஜோடியாகச் சேர்த்தாலும் பொருந்தினால், மூன்றும் சமதளம். (முறுக்கலாக இருக்கும் தட்டுகள் இந்தச் சோதனையையும் ஏமாற்றிவிடும். அதற்காகத் தட்டை 90 பாகை திருப்பி வைத்தும் பார்க்க வேண்டும்.)

கோணலான மூன்று பொருள்கள், வெளியிலிருந்து எந்த உதவியும் இல்லாமல், ஒன்றையொன்று திருத்தி நேராகிவிடுகின்றன. முதல்முறை புரிந்தபோது எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

இந்த முறையோடு இன்று சேர்த்துச் சொல்லப்படும் பெயர் ஜோசப் விட்வொர்த். 1825இல் மாட்ஸ்லேயின் பட்டறையில் சேர்ந்தவர், பிறகு மான்செஸ்டரில் சொந்தத் தொழில். 1840இல் கிளாஸ்கோவில் நடந்த பிரிட்டிஷ் அசோசியேஷன் கூட்டத்தில் இதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். அதுவரை தட்டுகளுக்கு நடுவே எமெரித்தூள் போட்டு அரைப்பது வழக்கம். தூள் எந்த இடத்தில் தங்கும் என்பது நம் கையில் இல்லை. அரைக்காதே, சுரண்டு என்பது அவருடைய வாதம். அந்த வாதம் அவருடையது, சரி. ஆனால் தட்டுகளைக் கண்டுபிடித்தவர் அவரே என்று எழுதுவது மாட்ஸ்லேயின் மேசைகளை மறந்து எழுதுவது. அந்த மேசைகளில் குனிந்து சுரண்டியவர்களின் பெயர் இரண்டு கணக்கிலும் கிடையாது.

என்னிடம் இருக்கும் லேத் இங்கிலாந்தில் வார்த்தது, பழைய இரும்புக் கடையிலிருந்து வந்தது. எல்லாப் பழைய லேத்தையும்போல இதன் பெட்டும் சக்குக்குப் பக்கத்தில்தான் தேய்ந்திருந்தது, ஏறக்குறைய ஒரு தாளின் கனத்துக்கு. சின்னச் சின்ன வேலையெல்லாம் அங்கேதான் நடக்கும். சாடில் அந்த இடத்தில் தாழ்ந்துபோவதால் தண்டு ஒரு முனையில் பருக்கும். இதைச் சரிசெய்ய இன்றும் நீலமும் ஸ்கிரேப்பரும்தான். ஒரு சுற்றுக்குச் சில மைக்ரான் போகும். ஓய்வுபெற்ற பிட்டர் ஒருவர் வந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, பலத்தக் காட்டாதீங்க. நீலம் எங்க சொல்லுதோ அங்க மட்டும் எடுங்க.”

அந்த நீலம் பிரஷ்யன் புளூ. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் கிடைத்த சாயம். ஹொகுசாயின் பெரிய அலையில் இருப்பதும் இதேதான். என் நகக்கண்ணிலிருந்து இன்னும் போகவில்லை.

சாடிலைக் கழற்றியபோது பெட்டின் மறுகோடியில், அது ஒருநாளும் போயிராத கடைசி நான்கு அங்குலத்தில், தேய்மானமே இல்லை. அங்கே பிறைபோன்ற குட்டிக் கீற்றுகள் நெருக்கமாக, குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. தொழிற்சாலையில் இதைச் சுரண்டிய ஆளின் கைவேலை. அந்தப் பக்கத்தைத் தொடாமல் மீதியைத் தாழ்த்தினால் நடுவே ஒரு படி நிற்கும், சாடில் அதில் முட்டும். பெட் முழுதையும் ஒரே தளமாக்கினால் கீற்றுகள் போய்விடும். படியோடு விட்டுவிடலாம் என்று நான்கைந்து நாள் எனக்குள்ளேயே வாதாடினேன். நான்கு அங்குல ஓட்டம் போனால் எனக்கு என்ன நஷ்டம்? ஆனால் படி வைத்த பெட்டை அந்த ஆள் வெளியே அனுப்பியிருக்கமாட்டார்.

அந்த இடத்தில் நீலம் தடவி, ஒரு வெள்ளைத்தாளை வைத்து உள்ளங்கையால் அழுத்தி எடுத்தேன். மேடுகள் நீலமாகவும் கீற்றுகள் வெள்ளையாகவும் விழுந்தன. காயவைத்து, தேதி எழுதி, பீரோவில் வைத்தேன். மறுநாள் காலையில் அந்த முனையிலிருந்தே சுரண்ட ஆரம்பித்தேன்.