வன்னியில் குப்பையின் வரலாறு

குப்பை என்ற சொல்லுக்கு நம் கமக்காரர் வழக்கில் இரு பொருள் உண்டு. கூட்டித் தள்ளப்படும் கழிவு ஒன்று. வயலுக்கும் தோட்டத்துக்கும் இடும் எரு மற்றொன்று. தோட்டத்துக்குக் குப்பை தாட்டாயிற்றா என்று ஒருவர் மற்றவரை வினவினால், அது செல்வத்தைப் பற்றிய விசாரணையேயன்றி அழுக்கைப் பற்றியதன்று. மாட்டெருவும் அடுப்புச் சாம்பலும் பூவரசங் குழையும் ஒன்றாகக் கிடந்து உக்கி மண்ணுக்கே திரும்பின. மண்ணில் விளைந்தது மண்ணுக்குப் போன அந்நாளில் குப்பையைப் பிரித்தல் என்றொரு வேலை பெரிதும் வேண்டியிருக்கவில்லை.

இன்றோ பச்சை, நீலம், செம்மஞ்சள், சிவப்பு என நிறந்தீட்டிய தொட்டிகளை வரிசையில் நிறுத்தி, உக்குவதை இதிலிடு, கடதாசியை அதிலிடு என்று பாடசாலைப் பிள்ளைகளுக்குப் போதிக்கிறோம். போதிப்பதில் தவறில்லை. ஆனால், இது வன்னி மக்களுக்கு வெளியிலிருந்து வந்த புதிய ஞானம் என்று கருதுவோமாயின், நேற்றைய வரலாற்றையே மறந்தவர்களாவோம்.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டது. வடக்குக்குச் செல்லும் பொருள்கள்மீது அரசு தடை விதித்தது. எரிபொருள், பற்றரி, சீமெந்து, செயற்கை உரம் என நீண்டது அப்பட்டியல். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தனர். அவர்களுள் பெருந்தொகையினர் வன்னிக்கு வந்து சேர்ந்தபோது, தடையின் முழுப் பாரமும் அந்நிலத்தின்மீது இறங்கிற்று. வெற்றுப் போத்தல் ஒன்று என்ன பெறும் என்பதை அன்றைய குடும்பம் ஒவ்வொன்றும் அறிந்திருந்தது. ஜாம் போத்தலின் அடியிற் பஞ்சை வைத்து, அது நனையுமளவு மண்ணெண்ணெய் விட்டு, பழைய சைக்கிள் ரியூபிலிருந்து வெட்டியெடுத்த வால்வினூடே திரியைச் செலுத்தி எரித்த விளக்கின் ஒளியிலேயே ஒரு தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதிக்கட்டையைச் சுழற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டனர். சில துளி பெற்றோலில் உயிர்பெற்ற மோட்டார் சைக்கிள் பின் மண்ணெண்ணெயிற் புகை கக்கி ஓடிற்று. சவர்க்காரம் கிடையாதவிடத்துப் பனம்பழம் துணி வெளுத்தது. ஓடாத யாழ்தேவியின் தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின.

எதுவும் எறியப்படவில்லை. எறியத்தக்கதென்று எதுவும் எஞ்சவுமில்லை.

இதனைத் தமிழரின் சிக்கனப் பண்பு, தன்னிறைவுப் பெருமை என்றெல்லாம் பாடுவோர் உளர். நாம் அவ்வாறு பாட முடியாது. பசியிற் பிறந்த கெட்டித்தனத்தைப் பண்பாடாக்கிப் புகழ்வது, பசியை விதித்தவருக்கு நற்சான்று வழங்குவதாகும். மேலும், தட்டுப்பாடு எல்லோரையும் ஒருபடித்தாகத் தாக்கியதுமில்லை. அரசின் தடை ஒருபுறம், உள்ளே வந்த பொருளின்மீது இயக்கம் அறவிட்ட வரி மறுபுறம்; இரண்டுக்கும் நடுவே பதுக்கி விற்றவன் கொழுத்தான். ஜாம் போத்தல் விளக்கு யாருடைய வீட்டில் எரிந்தது, யாருடைய வீட்டில் பெற்றோல் கலன்கள் அடுக்கப்பட்டிருந்தன என்று கேட்டாலே வர்க்கத்தின் கோடு தெரிந்துவிடும்.

2002 பெப்ரவரியிற் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. ஏ-9 வீதி திறந்தது. சீமெந்தும் உரமும் வந்த அவ்வீதியால் பொலித்தீன் பையும் பிளாஸ்ரிக் போத்தலும் தாராளமாக வந்தன. வாழையிலையின் இடத்தை உணவுத் தாள் பிடித்தது. உக்காத குப்பை என்பதொன்று வன்னியிற் பெருகத் தொடங்கியது அப்பொழுதுதான் எனலாம்.

ஆண்டுகளின் ஒரு பொருத்தத்தையும் இங்கே காண்க. கழிவு முகாமைக்கென ‘பிலிசரு’ எனும் தேசியத் திட்டத்தை மத்திய சுற்றாடல் அதிகாரசபை தொடங்கியது 2008இல். அதே ஆண்டின் பிற்பகுதியில் வன்னி மக்கள் வீட்டின் கூரைத் தகரத்தைக் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு கிழக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தனர். 2009இன் முதல் மாதங்களில், முள்ளிவாய்க்காலின் மணற்கரையில், பெண்கள் தம் சேலைகளையே பைகளாகத் தைத்து மண் நிரப்பிப் பதுங்குகுழிக்கு அரணாக அடுக்கினர். கூறைச் சேலையும் அதற்குத் தப்பவில்லை.

போர் முடிந்தபின் எஞ்சிய குப்பைக்கு எந்த நிறத் தொட்டியும் பொருந்தாது. எரிந்த பேருந்துகளும் சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களும் வீதியோரத்தில் மலைகளாய்க் குவிந்து கிடந்தன. செட்டிகுளத்து முகாம்களிலிருந்து மீண்டவருக்கு வீடுமில்லை, தொழிலுமில்லை. மண்ணுக்குள் இரும்பு இருந்தது. அதைப் பொறுக்கி எடைக்கு விற்றால் அன்றைய அரிசிக்கு ஆகும். நிலத்தைக் கிளறியவர் கையில் அகப்பட்டது தகரமா, வெடிக்காத எறிகணையா என்று பிரித்தறிவதே அவர்களுக்கு வாய்த்த தரம்பிரித்தல். அதிற் பிழைத்துக் கையிழந்தோர் உளர், உயிரிழந்தோரும் உளர். அவர்கள் பொறுக்கிய இரும்போ வியாபாரிகளின் லொறிகளிலேறி உருக்காலைக்குச் சென்று புதுக்கம்பியாயிற்று. மீள்சுழற்சி என்று நாம் அழகாகப் பெயரிடும் தொழிலில் ஆபத்து அடியில் இருப்பவனுக்கு, இலாபம் மேலே இருப்பவனுக்கு என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று எங்கே தேடுவது?

தென்னிலங்கையிலும் நியதி வேறன்று. கொழும்பின் குப்பையெல்லாம் மீதொட்டமுல்லை ஏழைகளின் குடிமனைகளுக்கருகே கொட்டப்பட்டு மலையாய் வளர்ந்தது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், அம்மலை சரிந்து 32 பேரைக் கொன்றது. அதன் பின்னரே, அவ்வாண்டு செப்ரெம்பர் முதலாந் திகதி பொலித்தீன் உணவுத் தாளுக்குத் தடை வந்தது. அதே 2017 முதல் 2019 வரை பிரித்தானியாவிலிருந்து 200க்கு மேற்பட்ட கொள்கலன்கள் கழிவுடன் கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கின. வழக்காடித்தான் அவற்றைத் திருப்பியனுப்ப வேண்டியதாயிற்று. இறுதித் தொகுதி போனது 2022இல். கொழும்பு தன் ஏழைகளுக்குச் செய்ததைப் பழைய எசமானர் கொழும்புக்குச் செய்தனர்!

இனி, தொட்டிகளுக்கு வருவோம். பிரித்திடுதல் வேண்டுமா என்றால், வேண்டும். 2021 மே மாதம் செயற்கை உர இறக்குமதியை அரசு ஒரே வீச்சில் தடைசெய்தபோது, இரணைமடுவின் நீரை நம்பி விதைக்கும் விவசாயி சேதனப் பசளைக்கு அலைந்தான். நவம்பரில் தடை நீங்கிற்று, நட்டம் நீங்கவில்லை. ஊர்களின் சமையற் கழிவு முறையாகப் பிரிக்கப்பட்டிருந்தால் அதில் ஒரு பகுதியேனும் அவன் வயலுக்குப் பசளையாகியிருக்கும். பிரிக்காத குவியலிலிருந்து செய்த பசளையிற் கண்ணாடித் துண்டிருக்கும்; சேற்றில் வெறுங்காலுடன் இறங்குபவனுக்கே அது தெரியும். குப்பை என்ற சொல்லின் பழைய பொருளை மீட்பதற்கு இதைவிட வேறு வழியில்லை.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வீதியிலும் வீட்டிலும் சேரும் குப்பையைச் சபையின் உடைமை என்கிறது. உடைமை சபையினது, அதனைத் தொடும் கையோ துப்புரவுத் தொழிலாளியினது. அத்தொழில் வடக்கில் சாதியின் பெயரால் தலைமுறை தலைமுறையாகச் சிலர் தலையிற் சுமத்தப்பட்டதை ஆசிரியர்களாகிய நாம் வகுப்பறையிற் சொல்லத் தயங்குகிறோம். சவர அலகையும் உடைந்த போத்தலையும் சோற்றுக் கழிவோடு ஒரே பையிற் கட்டி வாசலில் வைப்பவர், அந்தக் கையை நினைப்பதில்லை. வீட்டில் ஒழுங்காகப் பிரித்துவைத்ததனைத்தையும் வாரி ஒரே பெட்டிக்குட் கொட்டிச் செல்ல உழவு இயந்திரமொன்றை அனுப்பும் சபையும் அதை நினைப்பதில்லை. அப்பெட்டியின்மேல் கையுறையின்றி நின்று பிளாஸ்ரிக் போத்தல்களை மீண்டும் வேறாகப் பொறுக்குபவர் அவரே. கிலோக் கணக்கில் அவற்றை விற்றுப் பெறும் சில்லறை அவரது சம்பளப் பட்டியலில் இடம்பெறுவதில்லை.