மனச்சோர்வு மருந்தும் உணர்வு மழுங்கலும்

செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மனச்சோர்வு மருந்துகளை உட்கொள்ளும் சிலருக்கு அழுகை நிற்பதுடன் மகிழ்ச்சியும் மங்கிவிடுகிறது. சிம்மக்கல் பக்கம் நின்று, அழகர் வைகையில் இறங்குவதைக் கண்டும் உங்கள் மனம் அசையவில்லையா? அதைப் பக்திக் குறைவு என நீங்களோ, பாசக் குறைவு என வீட்டாரோ கருத வேண்டாம். இது உணர்வு மழுங்கல். மருந்தின் அளவு கூடும்போது மிகுவதுண்டு. முழுமையாகத் தீராத மனச்சோர்வும் இவ்வாறே தோன்றும் என்பதால், காரணத்தை மருத்துவரே பிரித்தறிய வேண்டும்.

மாத்திரையைத் தாமாக நிறுத்தாதீர்கள். தலைச்சுற்றல், உறக்கக் குறைவு, மின்னதிர்வு போன்ற உணர்வு ஏற்படலாம், நோயும் திரும்பலாம். வைகையின் வடகரையிலுள்ள அரசு இராஜாஜி மருத்துவமனை மனநலப் பிரிவில், மாற்றம் எப்போது தொடங்கியது எனக் கூறுங்கள். உடனிருப்பவரும் இதைக் கவனித்திருக்கலாம் என்பதால், அவரும் உடன் வருவது நல்லது. அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வழியுண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால், எந்நேரமும் 14416 என்ற கட்டணமில்லா டெலி மானஸ் எண்ணை அழையுங்கள்.