‘கருக்கு’ நடந்த வழி

1992இல் மதுரையில் ஒரு சின்னப் புத்தகம் வெளிவந்தது. புதுமண்டபத்துக் கடைகளில் அடுக்கிவைத்து விற்ற பஞ்சாங்கமோ பெரிய எழுத்துக் கதையோ அல்ல. பெயர் பெற்ற பதிப்பகம் போட்ட நாவலும் அல்ல. இயேசு சபையினரின் ‘சமுதாயச் சிந்தனை செயல் ஆய்வு மையம்’ வெளியிட்டது. எழுதியவர் பாமா. அந்தப் பெயரில் அதற்கு முன் புத்தகம் எதுவும் வந்ததில்லை. புத்தகத்துக்குப் பெயர் ‘கருக்கு’.

அச்சுக்குப் போக வேண்டும் என்று எழுதியது இல்லை அது. பாமா 1958இல் பிறந்தவர். சொந்த ஊர் வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டி. மதுரையிலிருந்து திருமங்கலம், கல்லுப்பட்டி வழியாகத் தென்மேற்கே போனால் மேற்குத் தொடர்ச்சி மலை கிட்டத்தில் வந்து நிற்கும். அந்த அடிவாரத்துக் கண்மாய்ப் பாசன பூமி. தூத்துக்குடி தூய மரியன்னை கல்லூரியில் கணிதம் படித்து ஆசிரியையாக வேலை பார்த்தவர், இல்லாதப்பட்ட பிள்ளைகளுக்கு இன்னும் ஏதாவது செய்யலாம் என்று கன்னியர் மடத்தில் சேர்ந்தார். அங்கே அவர் கண்டது வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு நடந்த பள்ளிக்கூடத்தை. ஏழு வருஷம் இருந்து பார்த்துவிட்டு 1992இல் வெளியே வந்தார். கையில் வேலையும் இல்லை, மனசும் சரியில்லை. சின்ன வயசு ஞாபகங்களை எழுதிப் பாரேன் என்று நண்பர் ஒருவர் சொல்ல, எழுதினார். தன் ஆறுதலுக்காக எழுதியது என்றுதான் பிற்பாடு பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

தன்வரலாறு எழுத உட்காருகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது வரிசையில். பிறந்த தேதி, தகப்பனார் பெயர், திண்ணைப் பள்ளிக்கூடம், உத்தியோகம், கல்யாணம் என்று ஆரம்பிப்பார்கள். ஓய்வு பெற்ற கையோடு தொடங்கி எட்டாம் வகுப்பு வரைக்கும் வந்து நின்றுபோன நோட்டுகள் மதுரையில் எத்தனை வீட்டுப் பரணில் கிடக்கின்றனவோ தெரியாது. பாமா அந்த வழியில் போகவில்லை. ஊர், தெரு, வேலை, சாப்பாடு, விளையாட்டு, கோயில், மடம் என்று சங்கதி சங்கதியாக எழுதினார். ஒரு அத்தியாயத்தில் சிறுமியாகப் பார்த்ததே இன்னொரு அத்தியாயத்தில் படித்த பெண்ணின் கண்ணில் மறுபடி வரும். மூன்றாம் முறை மடத்துக்குள்ளிருந்து வரும். வலிக்கிற பல்லை நாக்கு தன்னாலே போய்த் தொட்டுக்கொண்டிருப்பது மாதிரி. காலவரிசைப்படி எழுதியிருந்தால் ஒரு தடவை சொல்லிக் கடந்திருப்பார். கதை சொல்லும் ‘நான்’ தன் பெயரை எங்கும் சொல்வதுமில்லை.

ஒரு ஒற்றுமையை மட்டும் இங்கே சொல்லிவிட வேண்டும். தமிழின் ஆகப் பெரிய தன்வரலாறு உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. எண்பத்தைந்து வயது நெருங்கும்போது, 1940 ஜனவரியில் ‘ஆனந்த விகட’னில் வாராவாரம் எழுதத் தொடங்கினார், 1942 ஏப்ரலில் அவர் காலமானபோது சரித்திரம் பாதியில் நின்றது. அதன் முதல் அத்தியாயம் அவர் பிறந்த கதையன்று, ஊர்க் கதை. ஏகாதசி விரதத்தன்று மறந்துபோய்த் தாம்பூலம் போட்டுக்கொண்ட தஞ்சாவூர் ராஜா, அந்தத் தோஷம் தீர அந்தணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர் உத்தமதானபுரம் என்று ஆரம்பிக்கிறார். ‘கருக்கு’ம் ஊரில்தான் ஆரம்பிக்கிறது. மலைகளின் பெயர், கண்மாய்களின் பெயர், அப்புறம் நிலம் யார் கையில், தெருக்கள் எப்படிப் பிரிந்து கிடக்கின்றன, எந்தத் தெருக்காரர் எந்தத் தெருவுக்குள் காலெடுத்து வைக்கமாட்டார். ஒருவருடைய ஊர் தானமாக வந்த நிலத்தில் தொடங்குகிறது, மற்றவருடையது அடுத்தவன் நிலத்தில். இரண்டு பேருமே தன்னைச் சொல்லும் முன் தரையைச் சொல்லவேண்டும் என்று நினைத்தவர்கள். தன்வரலாறு எழுத ஆசைப்படுகிறவர்கள் இந்த இரண்டு முதல் அத்தியாயங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்க்கலாம்.

மொழியில் கதை வேறு. பாண்டித்துரைத் தேவர் 1901இல் நான்காம் தமிழ்ச் சங்கம் கண்டு, மறு வருஷமே ‘செந்தமிழ்’ இதழ் வெளிவந்த நகரம் மதுரை. அதே நகரத்தில் ஒரு புத்தகம் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் புதுப்பட்டித் தெருப் பேச்சிலேயே அச்சானது. உரையாடலில் பேச்சுவழக்கை வைத்துக்கொண்டு வருணனைக்கு நல்ல தமிழுக்குத் தாவுவது அதுவரைக்கும் இருந்த பழக்கம். பாமா தாவவே இல்லை. இது இலக்கணமா, இலக்கியமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அந்தச் சண்டையைப் பற்றி இன்று சொல்ல ரொம்ப இல்லை, புத்தகம் ஜெயித்துவிட்டது.

எழுத்துக் கைவேலைக்கு ஒரு இடத்தை எடுத்துக்கொள்கிறேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு நடந்து வருகிறாள். பத்து நிமிஷ நடைதான். ஆனால் கடைத்தெருவில் குரங்காட்டி நிற்கிறான், பாம்பாட்டி நிற்கிறான், நாள் கணக்கில் கீழே இறங்காமல் சைக்கிள் சுற்றுகிற ஒருவர் இருக்கிறார். மாரியாத்தா கோயில், காந்தி சிலை, கருவாட்டுக் கடை, மிட்டாய்க் கடை. எல்லாவற்றையும் நின்று பார்த்துக்கொண்டு மெதுவாக வருகிறாள். நாமும் கூடவே வருகிறோம், அவசரமே இல்லை. தெருவுக்குள் நுழைந்தால் களத்தில் சூடடித்துக்கொண்டிருக்கிறார்கள். நிலக்காரர் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கிறார். அவளுடைய தெருப் பெரியவர் ஒருவர் கடையிலிருந்து வருகிறார். கையில் பொட்டலம். கட்டிய நூலை மட்டும் விரல் நுனியில் பிடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு, பொட்டலத்தில் கை படாமல் வருகிறார். அவிழ்ந்து விழுந்தால் என்னாகும் என்று பிள்ளைக்குச் சிரிப்பு. குனிந்து நிலக்காரரிடம் நீட்டுகிறார். அவர் வாங்கிப் பிரித்து வடையைத் தின்கிறார். வீட்டுக்கு ஓடிப்போய் அண்ணனிடம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. அவர் தொட்டால் தீட்டு, அதனால்தான் நூலைப் பிடித்துக் கொண்டுவந்தார் என்கிறான்.

குரங்காட்டியிலிருந்து கருவாட்டுக் கடை வரைக்கும் அந்தக் கடைத்தெருவை எழுதாமல் விட்டிருந்தால் இது வெறும் புகார் மனு. வேடிக்கை பார்த்துப் பழகிய கண்ணுக்கு வடைப் பொட்டலமும் ஒரு வேடிக்கையாகத்தான் தெரிகிறது. படிக்கிற நாமும் ஒரு நொடி கூடச் சேர்ந்து சிரித்துவிடுகிறோம். எழுதும்போது வளர்ந்துவிட்ட பாமாவுக்குக் காரணம் தெரியும். தெரிந்ததை அண்ணன் வாய் திறக்கிற வரைக்கும் அடக்கி வைத்திருக்கிறார். தன்வரலாற்றில் ரொம்பக் கஷ்டமான காரியம் இதுதான்: இன்றைக்குத் தெரிந்ததை அன்றைய பிள்ளையின் தலைக்குள் திணிக்காமல் இருப்பது. புத்தகம் முழுக்க இந்தக் கட்டுப்பாடு இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். பிற்பகுதியில் மடத்தைப் பற்றிப் பேசும்போது ஆங்காங்கே பிரசங்கம் எட்டிப்பார்க்கிறது. ஆனால் முன்பகுதியில், பாட்டி வேலைக்குப் போகும் வீட்டையும் கஞ்சியையும் விளையாட்டையும் சொல்லும் பக்கங்களில், பாமா எதையும் விளக்குவதே இல்லை.

பாமாவின் உடன்பிறந்த அண்ணன் ராஜ் கௌதமன். 1950இல் பிறந்தவர், புதுச்சேரியில் பேராசிரியராக இருந்தவர், தமிழின் முக்கியமான ஆய்வாளர்களில் ஒருவர். ‘கருக்கு’ வந்து பத்து வருஷம் கழித்து, 2002இல், அவர் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ எழுதினார். அதே ஊர், அதே தெரு, அதே சாதி, அதே கோயில். ஆனால் ‘நான்’ கிடையாது. சிலுவை என்று ஒரு பையனைப் படர்க்கையில் நிறுத்திவைத்து, அவன் திருட்டுத்தனத்தையும் கோழைத்தனத்தையும் கேலி செய்து தள்ளுகிறார். நாவல் என்றே அதைப் போட்டார்கள். கடைசியில் சிலுவை வேலைக்காக இந்துவாக மாறுகிறான். 1950ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறித்தவராக இருக்கும் வரைக்கும் பட்டியல் சாதிச் சலுகை கிடையாது. அண்ணனுக்குத் தன்னைக் கிண்டல் பண்ணினால்தான் உண்மை வருகிறது. தங்கைக்குக் கூட்டத்தோடு சேர்ந்து அழுதும் சிரித்தும்தான் வருகிறது. ஒரே வீட்டில் இரண்டு முறை. எனக்கு அண்ணன் புத்தகம் கூடுதலாகச் சிரிப்பு மூட்டியது, தங்கை புத்தகம்தான் தூங்கவிடவில்லை.

‘கருக்’கை வெளியிட்டவர்கள் யார் என்பதற்கும் ஒரு முன்கதை உண்டு. 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைப் பாதிரியார் ராபர்ட் தெ நோபிலி, ஏற்கெனவே இங்கே பரதவக் கிறித்தவர்களுக்கு ஊழியம் பார்த்துவந்த கொன்சாலோ பெர்னாண்டஸிடமிருந்து தன்னைத் தனியாகப் பிரித்துக்கொண்டு, காவி உடுத்தி, சந்நியாசியாக வாழ்ந்து, உயர்ந்த சாதியாரிடம் மதம் பரப்பினார். பின்னால் அந்தச் சபையிலேயே பிராமண சந்நியாசிகள் ஒரு பக்கம், மற்றவர்களுக்கான பண்டார சாமிகள் ஒரு பக்கம் என்று இரண்டு வகைக் குருமார் இருந்தார்கள். கிறித்தவக் கோயிலுக்குள் சாதி வந்த வழிகளில் இந்த மதுரை மிஷனும் ஒன்று. கோயிலுக்குள்ளும் மடத்துக்குள்ளும் சாதி எப்படி இருக்கிறது என்று போட்டு உடைத்த புத்தகத்தையும் மதுரையில் அதே சபைக்காரர்கள் நடத்திய மையம்தான் அச்சிட்டது. அவர்களில் சிலராவது கணக்கைத் தீர்க்க நினைத்திருக்கிறார்கள்.

வேறெங்கும் போகும் முன் புத்தகம் புதுப்பட்டிக்குப் போனது. அங்கே வரவேற்பு இல்லை. எங்கள் மானத்தை வாங்கிவிட்டாள் என்று சொந்தத் தெருவே கோபப்பட்டது. சில மாதங்கள் பாமாவால் ஊருக்குள் போக முடியவில்லை. தன்வரலாறு எழுதுகிறவர் ஒருவர்தான், ஆனால் அதற்குள் இழுத்துவரப்படுகிறவர்கள் ஒரு தெரு. பட்டப்பெயரோடு, சண்டையோடு, பசியோடு, போலீஸ் அடித்த ராத்திரியோடு வருகிறார்கள். யாரும் அவர்களிடம் சம்மதம் கேட்கவில்லை. இதற்குச் சரியான வழி ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பெயரை மாற்றினாலும் தெருக்காரருக்குத் தெரியும். மாற்றாமல் விட்டால் ஊருக்கே தெரியும். பாமா கொடுத்த விலை அந்த மாதங்கள். அப்புறம் ஊர் சமாதானமாயிற்று.

மராத்தியில் தயா பவார் 1978இலும் சரண்குமார் லிம்பாலே 1984இலும் தலித் தன்வரலாறு எழுதிவிட்டார்கள். தமிழில் அந்த வழியைத் திறந்தது ‘கருக்கு’. சிவகங்கைச் சீமைக்காரர் கே.ஏ. குணசேகரனின் ‘வடு’ 2005இல் வந்தது. பாமா தன் கதையை அதற்கு மேல் எழுதவில்லை. ‘சங்கதி’யில் (1994) தெருப் பெண்கள் எல்லாரையும் பேசவிட்டார், பிறகு சிறுகதைக்கும் நாவலுக்கும் போனார். உத்திரமேரூர்ப் பக்கம் ஓங்கூரில் பள்ளி ஆசிரியையாகவும் இருந்தார்.

2000இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். சென்னையில் மினி கிருஷ்ணன் பதிப்பாசிரியராக இருந்த மேக்மில்லன் வரிசையில் வெளியாகி, கிராஸ்வேர்ட் பரிசு வாங்கியது. 2012இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்திடம் போனது. அதிலிருந்து ‘கருக்கு’ வகுப்பறைப் புத்தகமாயிற்று. பாடத்திட்டத்தில் ஏறுவதும் இறங்குவதும் அதற்கப்புறம் வந்த அரசியல். 2021இல் தில்லிப் பல்கலைக்கழகம் ஆங்கில இலக்கியப் பாடத்திலிருந்து பாமாவின் ‘சங்கதி’ப் பகுதியையும் சுகிர்தராணியின் கவிதைகளையும் மகாசுவேதா தேவியின் கதையையும் நீக்கியது.

எல்லாவற்றையும்விட அதிக தூரம் போனது அந்த வடைப் பொட்டலம்தான். மத்தியப் பாடத்திட்டத்தின் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத் துணைப்பாட நூலில், அமெரிக்கப் பூர்வகுடிப் பெண்ணான சிட்கலா-சா, விடுதிப் பள்ளியில் தன் கூந்தலை வெட்டியதை எழுதிய பகுதியோடு சேர்த்து, கடைத்தெரு நடையும் பொட்டலமும் ஒரே பாடமாக வைக்கப்பட்டன. ஜம்மு முதல் கன்னியாகுமரி வரை பிள்ளைகள் அதைப் படித்தார்கள். மதுரையிலும்தான். எழுபது எண்பது கிலோமீட்டர் தள்ளி நடந்த கதையை மதுரைப் பிள்ளை ஆங்கிலத்தில் படித்துக் குறிப்பு எழுதும். பாடம் அண்ணனின் அறிவுரையோடு, நன்றாகப் படித்தால் மரியாதை தானாக வரும் என்ற இடத்தில், முடிந்துவிடுகிறது. தங்கை நன்றாகப் படித்தாள், பட்டம் வாங்கினாள், மடத்துக்கும் போனாள். அங்கேயும் சாதி கேட்டார்கள் என்கிற மிச்சக் கதைக்குத் தேர்வில் கேள்வி வராது. அதைத் தெரிந்துகொள்ள முழுப் புத்தகத்தையும் வாங்கித்தான் படிக்க வேண்டும்.