காஷ்மீர் போறீங்களா? முதல்ல உங்க சிம் ப்ரீபெய்டா, போஸ்ட்பெய்டானு பாருங்க!

நொச்சிக்குப்பத்தில் கடலுக்குப் போகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கரையிலிருந்து எவ்வளவு தூரம் வரை செல்போனில் டவர் காட்டும் என்று கச்சிதமாகச் சொல்வார்கள். ஏறக்குறைய 10, 12 கிலோமீட்டர். அதைத் தாண்டினால் கையில் இருப்பது வெறும் டார்ச் லைட்தான். அந்த எல்லைக்கு அப்பால் இருக்கும் படகுகளுக்கும் புயல் எச்சரிக்கை போய்ச்சேர வேண்டும் என்றுதான், ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் 2019-ல் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வாங்கும் 'ஜெமினி' கருவியையே கொண்டுவந்தது.

ஆனால் அதே லூப் ரோட்டில் ஆட்டோ பிடித்து, சென்ட்ரலில் ரயிலேறி காசிக்கோ டெல்லிக்கோ கிளம்பும்போது, 'தரையிலதானே போறோம், டவர் இல்லாம எங்க போயிடும்?' என்று நினைத்துவிடுகிறோம். டிக்கெட், பணம், வழி, தங்குமிடத்தின் விலாசம் எல்லாமே ஒரே போனுக்குள். அந்த போன் ஊமையானால் என்ன ஆகும் என்பதைக் கிளம்புவதற்கு முன்பே யோசித்துவிட வேண்டும். ஏனென்றால், நம் நாட்டில் ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் அது நிச்சயமாக ஊமையாகும்.

பதான்கோட்டைத் தாண்டினால் சிக்னல் கட்

சென்ட்ரலிலிருந்து வைஷ்ணவ தேவி கோயில் இருக்கும் கட்ராவுக்கு நேரடி ரயில் இருக்கிறது. பெயர் அந்தமான் எக்ஸ்பிரஸ். பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், போவது நேரெதிர் திசை! இரண்டு இரவுகளை ரயிலில் கழித்து, பஞ்சாபின் பதான்கோட்டைக் கடந்து ஜம்மு காஷ்மீருக்குள் நுழைந்ததும் உங்கள் போனில் சிக்னல் காணாமல் போகும். ரீசார்ஜ் இருக்கும், டேட்டா பாக்கி இருக்கும். ஆனால் ஒரு கால் போகாது, ஒரு எஸ்.எம்.எஸ் வராது.

போனில் கோளாறு இல்லை. பாதுகாப்புக் காரணங்களால் வெளிமாநில ப்ரீபெய்டு சிம்களுக்கு அங்கே ரோமிங் கிடையாது. எந்த கம்பெனி சிம்மாக இருந்தாலும் இதே கதைதான். போஸ்ட்பெய்டு மட்டும் வேலை செய்யும். லடாக்கும் தொலைத்தொடர்புக் கணக்கில் அதே வட்டத்துக்குள் வருவதால், லே போகிறவர்களுக்கும் இது பொருந்தும். இவ்வளவு முக்கியமான விஷயத்தை டிக்கெட் புக் செய்யும்போதே நாலு வரியில் சொல்லிவிடலாம். பெரும்பாலானவர்களுக்கு ஜம்மு ஸ்டேஷனில் இறங்கிய பிறகுதான் தெரிகிறது.

'ரெண்டு நாள் போன் இல்லாம இருந்தா என்ன, நிம்மதிதானே' என்று சிலர் சொல்லக்கூடும். தனியாகப் போனால் சரி. கட்ராவிலிருந்து கோயிலுக்குச் சுமார் 12 கிலோமீட்டர் மலைப்பாதை. நடக்க முடியாத அம்மா குதிரையில் ஒரு பக்கம், நீங்கள் பிள்ளைகளோடு நடந்து இன்னொரு பக்கம் என்று பிரிந்தால், மேலே போய் ஒருவரையொருவர் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? சிக்னல் இல்லை என்றால் ஓ.டி.பி-யும் இல்லை. கேப் ஆப்பில் புதிதாக லாகின் செய்யவோ, கார்டில் ஆன்லைனில் பணம் கட்டவோ முடியாது. ஸ்டேஷனில் அரை மணி நேரம் இலவசமாகக் கிடைக்கும் 'ரயில்வயர்' வைஃபைகூட ஓ.டி.பி கேட்டுத்தான் உள்ளே விடும்.

வழி என்ன? கிளம்புவதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே வீட்டில் இரண்டு பேருடைய நம்பரை போஸ்ட்பெய்டுக்கு மாற்றிவிடுங்கள். நம்பர் மாறாது. திரும்பி வந்த மறுநாளே பழையபடி ப்ரீபெய்டுக்கு வந்துவிட முடியாது, குறிப்பிட்ட காலம் காத்திருக்க வேண்டும். அதையும் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். 'ஒரு போன் போதாதா, ஹாட்ஸ்பாட் போட்டுக்கலாமே?' போதாது. கூட்டம் இரண்டாகப் பிரிந்தால் ஹாட்ஸ்பாட் ஒருவரோடு போய்விடும்.

இன்னொரு வழி, அங்கேயே உள்ளூர் சிம் வாங்குவது. அடையாள அட்டை கொடுத்து, அது ஆக்டிவேட் ஆகும்வரை காத்திருக்க வேண்டும். இதில் ஒரு பொறி உண்டு. ஊர் சிம்மைக் கழற்றிவிட்டுப் புதுசைப் போட்டால், ஜிபே, போன்பே போன்ற ஆப்கள் 'சிம் மாறிவிட்டது' என்று மறுபடி பதிவு செய்யச் சொல்லலாம். அதற்குப் பழைய நம்பரிலிருந்து எஸ்.எம்.எஸ் போக வேண்டும். அங்கே அது போகாது. அதனால் செத்துக் கிடந்தாலும் பழைய சிம்மை முதல் ஸ்லாட்டிலேயே விட்டுவையுங்கள், புது சிம் இரண்டாவதில் இருக்கட்டும்.

மத்த ஊர்ல ரோமிங் காசு உண்டா?

கிடையாது. ஆனாலும் வீட்டுப் பெரியவர்கள் இன்னமும் 'வெளியூர்ல போன் எடுக்காதே, காசு போயிடும்' என்பார்கள். அவர்கள் பயத்துக்குக் காரணம் இருந்தது. இந்தியா 22 தொலைத்தொடர்பு வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. சென்னையே தமிழ்நாட்டிலிருந்து பிரிந்து தனி வட்டமாக இருந்து, 2005-ல்தான் ஒன்றாக இணைந்தது. வட்டம் தாண்டினால் வருகிற காலுக்கும் காசு போன காலம் அது. 2015 ஜூனில் பி.எஸ்.என்.எல் இன்கமிங்கை இலவசமாக்கியது, 2016-ல் ஜியோ வந்தது, அதோடு ரோமிங் கட்டணம் மெல்ல மறைந்தது. காலோ, டேட்டாவோ ஊர் பேக்கே நாடு முழுக்க ஓடும். செட்டிங்ஸில் 'டேட்டா ரோமிங்' ஆன் ஆகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நெட் வரவில்லை என்று புலம்புகிறவர்களில் பலருக்கு அந்த ஒரு பட்டன்தான் பிரச்னை.

தினசரி ஒன்றரை ஜி.பி பேக் வைத்திருப்பவர்கள் ரயிலில் பிள்ளைகளிடம் போனைக் கொடுத்தால் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். நள்ளிரவு 12 மணிக்குத்தான் புதுக் கணக்கு தொடங்கும். அதுவரை நெட் ஆமை வேகம்தான். வாட்ஸ்அப்பில் எழுத்து போகும், மேப் திறக்காது. சாயங்காலம் புது ஊரில் இறங்கும்போதுதான் மேப் தேவை. படம் பார்க்க வேண்டுமென்றால் வீட்டு வைஃபையில் முன்பே டவுன்லோடு செய்துவிடுங்கள். அதே நேரத்தில் போக வேண்டிய ஊர்களின் கூகுள் மேப்பையும் ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளலாம். ஜி.பி.எஸ்-ஸுக்கு நெட் தேவையில்லை என்பதால், டேட்டா இல்லாமலேயே நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும்.

ரயில் எங்கே வருகிறது என்று பார்க்க 'வேர் ஈஸ் மை ட்ரெயின்' ஆப் போதும். நெட் இல்லாவிட்டாலும், பக்கத்தில் எந்த டவர் இருக்கிறது என்பதை வைத்தே இடத்தைக் கணக்கிட்டுச் சொல்லும். காட்டுப் பகுதிகளில் டவரைத் தேடித் தேடியே போன் சார்ஜ் இறங்கும், அப்போது ஃப்ளைட் மோடில் போட்டுவிடுவது நல்லது. ராத்திரி 11 மணிக்கு மேல் விடியும்வரை பல ரயில்களில் சார்ஜிங் பாயின்ட்டை அணைத்துவிடுவார்கள். படுக்கும்போது சொருகிக்கொள்ளலாம் என்று விட்டுவைக்காதீர்கள்.

நெட் போனாலும் பணம் போகணுமே!

லூப் ரோடு மீன் மார்க்கெட்டில் கால் கிலோ நெத்திலிக்கும் க்யூ.ஆர் ஸ்கேன் செய்து பழகிய கைக்கு, பையில் ரொக்கம் வைப்பது மறந்தே போய்விட்டது. வெளியூரில் நெட் போவதற்கு டவர் மட்டும் காரணமில்லை. அரசே நிறுத்துவதும் உண்டு. 2021 செப்டம்பரில் ராஜஸ்தானில் ஆசிரியர் தகுதித் தேர்வில் காப்பி அடிப்பதைத் தடுக்க, பல மாவட்டங்களில் மொபைல் நெட்டையே நிறுத்தினார்கள். ஜெய்ப்பூரில் சுற்றுலா வந்தவருக்கும் பரீட்சைக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் அவருக்கும் சேர்த்துத்தான் கட்.

அந்த மாதிரி நேரத்தில் கைகொடுப்பது *99# சேவை. இதற்கு டேட்டா வேண்டாம், கால் பேசும் அளவுக்கு சிக்னல் இருந்தால் போதும். சாதா பட்டன் போனிலும் வேலை செய்யும். ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை அனுப்பலாம். மெனு மெனுவாக வருவதால் முதல் தடவை குழப்பும். வீட்டில் உட்கார்ந்து பத்து ரூபாய் அனுப்பிப் பழகிவிட்டுப் போங்கள். இரண்டு நாள் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் ஆகும் ரொக்கத்தை, ஒரே பையில் வைக்காமல் இரண்டு பேரிடம் பிரித்து வையுங்கள்.

நகரங்களுக்குள் சுற்ற, நம்மில் பலர் கவனிக்காத ஒரு வசதி சிங்காரச் சென்னை கார்டு. மெட்ரோவுக்கும் எம்.டி.சி பஸ்ஸுக்கும் தட்டுகிறோமே, அதே கார்டு டெல்லி மெட்ரோவிலும் பெங்களூரு மெட்ரோவிலும் செல்லும். பணம் கார்டின் சிப்பிலேயே இருப்பதால் போன், நெட், ஓ.டி.பி எதுவும் வேண்டாம். ஆனால் ஆன்லைனில் டாப்-அப் செய்தால் மட்டும் போதாது, ஸ்டேஷன் மெஷினில் ஒருமுறை வைத்து அந்தப் பணத்தைக் கார்டில் ஏற்ற வேண்டும். இங்கேயே அதை முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

நிஜ அந்தமானுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2020 ஆகஸ்ட்டில் சென்னையிலிருந்து கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டருக்கு இழுத்த கேபிள் வந்த பிறகு அங்கே நெட் எவ்வளவோ தேறிவிட்டது. ப்ரீபெய்டும் எடுக்கும். தலைநகரைத் தாண்டிச் சின்னத் தீவுகளுக்குப் போனால் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். படகு டிக்கெட்டை ஸ்க்ரீன்ஷாட்டாகவும், முடிந்தால் பிரின்ட்டாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

காசியில் நிலைமை வேறு. டவர் இருக்கும், ஆனால் ஆளுயரச் சுவர்களுக்கு நடுவே ஒருவர் மட்டும் நுழையக்கூடிய சந்துகளில் மேப்பின் நீலப்புள்ளி தெரு மாறிக் குதிக்கும். விசேஷ நாள்களில் கூட்டம் சேர்ந்தால் சிக்னல் இருந்தும் கால் போகாது. அங்கே 'கோதௌலியா', 'தசாஸ்வமேத் காட்' என்று பெயர் சொல்லிக் கேட்பதுதான் வேகமான வழி. தங்குமிடத்தின் பெயர், பக்கத்து அடையாளம், உங்கள் நம்பர், ஊரில் இருக்கும் ஒருவர் நம்பர் இந்த நான்கையும் லாட்ஜ் ஆளிடம் கொடுத்து இந்தியில் எழுதி வாங்குங்கள். அந்தத் துண்டுச் சீட்டு உங்கள் பர்ஸில் இருந்து பயனில்லை. அம்மாவின் சுருக்குப் பையில் இருக்கட்டும்.