பேரீச்சம்பழத்துக்கு விலை கேட்டவர்கள்

சென்ற தவணையில் பத்தாம் தர மாணவன் ஒருவன், ஜும்ஆ முடிந்து வரும்போது கையில் கிடைத்த துண்டுப் பிரசுரமொன்றைக் கொண்டுவந்து காட்டினான். ஊரில் ஒரு சாராரைக் காபிர்கள் என்று அது முடிவு கட்டியிருந்தது. ஆதாரம், ஸூரதுல் மாஇதாவின் 44ஆம் வசனம்.

"சேர், எங்கட சாச்சி வீட்டாக்களும் அந்தப் பக்கம்தான். அவங்க அறுத்தத நாங்க சாப்பிடலாமா?"

மார்க்கத் தீர்ப்பு வழங்க நான் மௌலவியல்லன், வரலாறு படிப்பிக்கிறவன். ஆகவே வசனத்தின் வரலாற்றையே அவனுக்குச் சொன்னேன்.

அல்லாஹ் இறக்கியதைக் கொண்டு தீர்ப்பளிக்காதோரைப் பற்றிய எச்சரிக்கை அது. அது இறங்கிய பின்னணியாக மதீனத்து யூதர்களின் வழக்குகள் சில அறிவிக்கப்படுகின்றன. குற்றம் செய்தவன் செல்வாக்குள்ளவனென்றால் ஒரு சட்டம், எளியவனென்றால் இன்னொரு சட்டம். பலமான கோத்திரத்தானின் உயிருக்கு முழு நஷ்டஈடு, பலவீனமான கோத்திரத்தானுக்குப் பாதி. வேதத்தை அற்ப விலைக்கு விற்க வேண்டாமென்று அதே வசனம் கண்டிப்பது நீதி சொல்லும் இடத்தில் இருப்பவர்களைத்தான். தொடர்ந்து 45, 47ஆம் வசனங்களும் இதே வாசகத்தைச் சொல்லி, ஒன்று அநியாயக்காரர் என்றும் மற்றது பாவிகள் என்றும் முடிகின்றன. பிரசுரம் எழுதியவர் அவ்வளவு தூரம் வாசிக்கவில்லைப் போலும்.

ஹிஜ்ரி 37இல் (கி.பி. 657) ஸிப்பீன் போர்க்களத்தில் அலீ (ரழி) அவர்களும் முஆவியா (ரழி) அவர்களும் பிணக்கை மத்தியஸ்தர் இருவரிடம் விட உடன்பட்டனர். தீர்ப்பு அல்லாஹ்வுக்கே உரியது, மனிதரை நடுவராக்கியது குப்ர் என்று அலீயின் படையிலேயே ஒரு கூட்டம் பிரிந்து ஹரூராவுக்குப் போயிற்று. கவாரிஜ்கள் என்று நாம் படிப்பிப்பது இவர்களைத்தான். இரவெல்லாம் தொழுதவர்கள், நெற்றியில் ஸுஜூதின் தழும்பு உள்ளவர்கள். மாஇதாவின் இவ்வசனம் பின்னர் அவர்களின் பிரதான ஆயுதமாயிற்று.

இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களிடம் தனியே சென்று பேசினார். கணவன் மனைவி பிணக்கிலும், இஹ்ராமில் வேட்டையாடிய பிராணிக்கு ஈடு காண்பதிலும் மனிதரை நடுவராக்கும்படி குர்ஆனே சொல்கிறதே, முஸ்லிம்களின் இரத்தத்தைக் காப்பது அதைவிடச் சிறியதா என்று கேட்டார். ஆயிரக்கணக்கானோர் திரும்பி வந்தனர். இவ்வசனத்தின் குப்ர், மார்க்கத்தை விட்டு வெளியேற்றும் குப்ர் அல்ல என்ற விளக்கமும் அவரிடமிருந்தே வருகிறது.

திரும்பாதவர்களைப் பற்றித் தபரி பதிந்துள்ள சம்பவம் ஒன்றுண்டு. நஹ்ரவான் பக்கமாக வந்தபோது ஒருவன் மரத்தடியில் விழுந்த பேரீச்சம்பழத்தை வாயிலிட்டான். விலை கொடுக்காமலா என்று மற்றவன் கேட்க, உடனே துப்பினான். இன்னொருவன் முஸ்லிமல்லாத குடிமகன் ஒருவரின் பன்றியை வெட்டிவிட்டான். இது பூமியில் குழப்பம் விளைவிப்பது என்று தோழர்கள் கண்டிக்கவே, உரியவரைத் தேடிப்போய்ச் சமாதானப்படுத்தினான். அதே கூட்டம்தான் அலீயைக் காபிர் என்று சொல்ல மறுத்த அப்துல்லாஹ் இப்னு கப்பாபை ஆற்றங்கரையில் அறுத்தது. மக்காவில் ஈமானுக்காக நெருப்பில் வதைபட்ட கப்பாப் (ரழி) அவர்களின் மகன் அவர். கர்ப்பிணியான அவரது மனைவியையும் விடவில்லை.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு இந்தப் பக்கத்தை அவசரமாகப் புரட்டிக்கொண்டு போக என்னால் முடிவதில்லை. தேவாலயங்களில் குண்டு வைத்தவர்களும் முதலில் பக்கத்துத் தெரு முஸ்லிமைத்தான் காபிராக்கினார்கள்.

அலீ (ரழி) என்ன செய்தார்? பள்ளிவாசலை அவர்களுக்குத் தடுக்கமாட்டோம், பொதுச் செல்வத்தில் பங்கை நிறுத்தமாட்டோம், அவர்கள் தொடங்காதவரை போர் தொடுக்கமாட்டோம் என்றார். கொலையாளிகளை ஒப்படைக்க அவர்கள் மறுத்த பின்னரே ஹிஜ்ரி 38இல் நஹ்ரவானில் போர் நடந்தது. அதன் பிறகும் அவர்களைக் காபிர் என்றாரில்லை. எமக்கெதிராகக் கிளர்ந்த சகோதரர்கள் என்றே குறிப்பிட்டதாக அறிவிப்புண்டு. ஹிஜ்ரி 40 ரமழானில் கூபா பள்ளிவாசலில் அவரை வெட்டிய இப்னு முல்ஜமும் அந்தக் கூட்டத்தவனே. கைதிக்கு உணவும் நீரும் கொடுங்கள், நான் இறந்தால் ஒரே வெட்டு, அங்கங்களைச் சிதைக்க வேண்டாம் என்று மரணப்படுக்கையில் சொல்லியிருக்கிறார்.

நான் சொல்லி முடித்தபோது மணியடித்துவிட்டது. பையன் எழும்பவில்லை.

"காபிரெண்டு சொல்லி வெட்டினவனுக்கா சேர் சாப்பாடு குடுக்கச் சொன்னாங்க?"

ஓம் என்றேன்.